தீயும் நீரும் சேர்ந்தால்

ஆசிரிய நண்பர்களிடமும் பெற்றோர்களிடமும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் என் தவறும் அடங்கியுள்ளது.

இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன். தந்தை செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். உயிர்மெய் எழுத்துகளில் பாதியைக்கூட அவனால் நினைவில் இருத்த இயலவில்லை. மந்தமான பிள்ளை என்று மனத்திற்குள் முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் அவனை அழைத்துச் செல்ல வந்த தாயார் என்னிடம் பேசிக்கொண்டிருந்த வேளையில், அவருடைய கைப்பேசியில் அவன் ஒரு விளையாட்டில் மூழ்கியிருந்தான். “நிலத்தோட நெருப்பச் சேத்தா லாவா, டீச்சர். லாவாவோட காத்தச் சேத்தா கல்லு” என்றான். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சேர்க்கைகளைத் தயங்காமல் ஒப்பித்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அது 2010-இல் வெளிவந்த லிட்டில் அல்கெமி. நீர், நெருப்பு, நிலம், காற்று ஆகிய நான்கில் தொடங்கி, இரண்டிரண்டாகச் சேர்த்து 580 பொருள்களைக் கண்டுபிடிக்க வேண்டும். (உலகம் ஐம்பூதங்களின் கலப்பு என்று தொல்காப்பிய மரபியல் கூறுவதை நாம் அறிவோம். அதற்காக இவ்விளையாட்டையும் நாமே கண்டுபிடித்தோம் என்று மார்தட்ட வேண்டியதில்லை.)

இதில் பிள்ளைகளை ஈர்ப்பது என்ன? வண்ணமும் ஓசையும் அன்று. அவை மிகக் குறைவு. தவறான இரண்டைச் சேர்த்தால் ஒன்றும் நிகழாது, அவ்வளவுதான். சிவப்பு மையில் யாரும் கோடு போடுவதில்லை. சரியாகச் சேர்ந்தால் கிடைப்பது அவனுடைய கண்டுபிடிப்பு. அதை யாரும் சொல்லித் தரவில்லை. ஆகையால் மறப்பதுமில்லை. 2024-இல் நீல் அகர்வால் வெளியிட்ட இன்ஃபினிட் கிராஃப்டில் செயற்கை நுண்ணறிவு எதை எதனோடு சேர்த்தாலும் பெரும்பாலும் ஏதேனும் ஒன்றைத் தந்துவிடுகிறது. எனக்கென்னவோ பழையதே பிடித்திருக்கிறது. கிடைக்காமல் போவதும் வேண்டுமல்லவா?

நம் வகுப்பறையில் நாம் செய்வது என்ன? பன்னிரண்டு உயிரையும் பதினெட்டு மெய்யையும் நாமே சேர்த்து, 216 கட்டங்களையும் நிரப்பி, அட்டவணையாகச் சுவரில் மாட்டி, “மனனம் செய்” என்கிறோம். விளையாட்டின் விடைப்பட்டியலை முதல் நாளே கையில் கொடுப்பதற்கு ஒப்பான செயல் இது. அத்தகைய பட்டியல்கள் இணையத்தில் ஏராளம் உண்டு. அவற்றைப் பார்த்து ஆடும் பிள்ளை பத்தே நிமிடத்தில் சலித்துப் போவான்.

அட்டவணையைக் கழற்றிவிட்டேன். மெய்யெழுத்துகள் ஒரு பெட்டியில், உயிரெழுத்துகள் மற்றொரு பெட்டியில். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டையை எடுத்துச் சேர்க்க வேண்டும். சேர்ந்த எழுத்து ஒரு பொருளைக் குறித்தால் சுவரில் ஒட்டலாம். க் + ஐ = கை. ப் + ஊ = பூ. த் + ஈ = தீ என்று வந்தபோது அவன் துள்ளிக் குதித்தான்; அவன் விளையாட்டில் நெருப்பு தொடக்கத்திலேயே கையில் இருக்கும், இங்கோ அதையும் அவனே ஆக்கினான். ங் எதனோடு சேர்ந்தாலும் அவர்களுக்குத் தெரிந்த பொருள் எதுவும் கிடைக்கவில்லை. அதற்காகவே அதை மீண்டும் மீண்டும் எடுத்தார்கள்! மூன்று வாரங்களில் எழுத்துகள் பிடிபட்டன.

ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்பது நன்னூல் கணக்கு. அவற்றுள் ஆறு உயிரெழுத்துகள். எஞ்சிய 36-உம் உயிர்மெய். அதாவது ஆறு சேர்க்கைக்கு ஒன்று பலிக்கும். விளையாட்டை வகுப்பவர்கள் திட்டமிட்டு அமைத்தது போன்ற அளவு.

இது எல்லாப் பாடத்திற்கும் பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. வாய்பாட்டை மனனம் செய்யத்தான் வேண்டும். கைப்பேசியைக் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டு ஆசிரியர் ஒருவர் கல் + சிலை, பூ + தோட்டம் என்று பெட்டியை நீட்டிவிட்டார். ‘கற்சிலை’யில் ல் எங்கே போயிற்று என்று பிள்ளைகளே கேட்கிறார்களாம். நேற்று அவன் என்னிடம், “ஆறும் கடலும் சேந்தா என்ன டீச்சர்?” என்றான். பெர்ணம் ஆற்றங்கரையில் வளரும் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான். கழிமுகம் என்ற சொல்லை அவன் இனி மறக்கமாட்டான்.

சுவரில் இப்போது 23 எழுத்துகள் உள்ளன. இன்னும் 13 பாக்கி. பெற்றோர்களே, பிள்ளைகள் வீட்டில் வந்து கேட்டால் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.