சும்மா இருக்கும் மாதங்களா?

ஆவடியை அடுத்த திருநின்றவூரில் இருதயாலீசுவரரைத் தரிசித்த அன்பர்களுக்குப் பூசலார் நாயனாரின் வரலாறு தெரியாதிருக்க முடியாது. கோயில் எழுப்பக் கையில் பொருளில்லை, தேடியும் கிடைக்கவில்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். குன்றத்தூரில் அவதரித்த சேக்கிழார் பெருமான் இதைச் சொல்லும்போது அவசரப்படுவதில்லை. பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்த்தது, தச்சரைத் தேடியது, நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டது, இரவிலும் உறங்காது பணி செய்தது, சிகரம் வைத்துச் சுதை பூசியது, கிணறும் மதிலும் குளமும் அமைத்தது என ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறார். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர்கோனின் கனவில் இறைவன் தோன்றி, குடமுழுக்கு நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னது அதற்குப் பிறகுதான். நாமோ அந்தக் கனவை நினைவில் வைத்துக்கொண்டு, முன்னே நடந்த வேலையை மறந்துவிடுகிறோம்.

இதை இங்கே நினைவுபடுத்தக் காரணம், அம்பத்தூரிலிருந்து ஓர் அம்மையார் இப்பகுதிக்கு எழுதியிருக்கும் கடிதம். மகனுக்குத் திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைதான் வழி என்று மருத்துவர் கூறிவிட்டார். ஆனால் உடனே தொடங்கவில்லை. மருமகளுக்குத் தைராய்டும் சர்க்கரையும் கட்டுப்பட வேண்டும் என்று மூன்று மாதம் தள்ளி வைத்திருக்கிறார்கள். "சும்மா இருக்கும் இந்த மூன்று மாதத்தில், பௌர்ணமிதோறும் உபவாசம் இருந்து மூன்று அம்மன் தரிசனம் செய்துவா என்றால் மருமகள் பதில் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். வேறு எந்த விரதம் உத்தமம்?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மையாரின் பக்தியில் குறையில்லை. 'சும்மா இருக்கும்' என்ற சொல்லோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு சினைமுட்டை தன் இறுதி வளர்ச்சியை முடிக்க ஏறத்தாழ மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறது. ஆணின் உயிரணு உருவாகி முதிர்வதற்கும் இரண்டரை மாதத்துக்குக் குறையாது. ஆகவே மூன்று மாதம் கழித்துச் சிகிச்சைக்குப் பயன்படப் போகும் முட்டையும் உயிரணுவும் இன்று உண்ணும் உணவிலும் இன்று உறங்கும் உறக்கத்திலும்தான் வளர்ந்துகொண்டிருக்கின்றன. வெளியே தெரியாத பணி, பூசலாரின் பணியைப் போல.

அந்தப் பணியில் என்னென்ன அடங்கும்? தைராய்டு மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு உட்கொண்டு, குறைந்தது அரைமணி நேரம் கழித்தே காபி அருந்த வேண்டும். காபியோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தேனும் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால், குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடுகள் பெரும்பாலும் தவிர்க்கப்படும். ரூபெல்லா என்னும் அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் அதற்கான தடுப்பூசியை இப்போதே போட வேண்டும். போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது, கருவுற்ற பின்னரோ போடவே இயலாது. நம்மைப் போன்ற சைவ உணவுக் குடும்பங்களில் வைட்டமின் பி12 குறைவதும் சாதாரணம். இவையெல்லாம் மருத்துவர் சொல்லி நடக்க வேண்டியவை. உறவினர் யாரோ கொடுத்தனுப்பிய லேகியமோ பற்பமோ செந்தூரமோ மருத்துவருக்குத் தெரியாமல் உள்ளே போகக் கூடாது.

சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர் நாள் முழுதும் பட்டினி கிடப்பது ஆபத்து. மூன்று அம்மன் தரிசனம் எத்தகையது என்று அன்பர்கள் அறிவார்கள். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். பேருந்து மாறி, வரிசையில் நின்று, உணவின்றி இதை முடிப்பது திடகாத்திரமானவர்களுக்கே சோதனை. நோயாளிக்கு உபவாசத்தில் விலக்கு உண்டு என்பதே நம் பெரியோர் வகுத்த வழக்கம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த விரதம் ஏன் மருமகளுக்கு மட்டும்? பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் உடல்நிலையும் காரணமாக இருக்கிறது. எளிய பரிசோதனைதான், ஆனால் நம் வீடுகளில் மகனைப் பரிசோதனைக்கு அனுப்பவே ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. புகைப்பதையும் மதுவையும் மகன் விட வேண்டியது இந்த மூன்று மாதத்தில்தான். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் தரும் நெய்ப் பிரசாதத்தைக் கூடக் கணவனும் மனைவியும் சேர்ந்தே 48 நாள் உட்கொள்ளச் சொல்கிறார்கள். அம்பிகையின் சந்நிதியில் இருவருக்கும் பங்கு உண்டு. வீட்டில் மட்டும் ஒருத்தி தலையில் ஏற்றுகிறோம். அந்தத் தலத்துக்குச் செல்ல விரும்பினால், சிகிச்சை தொடங்கி நாள்தோறும் ஊசியும் ஸ்கேனும் என்று அலையும் நாள்களை விட, இந்த மாதங்களே ஏற்றவை.

சாத்திரத்துக்கு ஒத்ததா இந்தச் சிகிச்சை என்ற ஐயம் சிலருக்கு இன்னும் இருக்கிறது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் பிறந்த பெண் குழந்தைக்குத் துர்க்கை என்றே பெயர் வழங்கிற்று. அன்று அவரை நம்ப மறுத்தார்கள். 1981இல் மனமுடைந்து மறைந்தார். நம் சென்னையில் 1990இல் டாக்டர் கமலா செல்வராஜ் மூலம் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அம்பிகைக்குக் கருவைக் காக்கத் தெரியும். அது எந்த இடத்தில் உருவானது என்று அவள் கணக்குக் கேட்பாளா?

கணக்கு என்றதும் வங்கிக்காரனின் புத்தி விழித்துக்கொள்கிறது. உடலுக்கு ஆயத்தம் போலவே பணத்துக்கும் ஆயத்தம் வேண்டும். ஒரு சுற்றுச் சிகிச்சைக்கே ஒன்றரை, இரண்டு இலட்சம் ஆகிவிடுவது சாதாரணம். முதல் சுற்றில் பலிக்காதவர் பலர். ஆகவே கையிருப்பு முழுவதையும் முதல் சுற்றிலேயே கரைத்துவிடாதீர்கள். மருத்துவமனை கூறும் தொகையில் ஊசி மருந்துகள் அடங்குமா, கரு உறைவிப்புக்கு ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் மலட்டுத்தன்மைச் சிகிச்சையை விலக்கியே வைத்திருக்கின்றன. பாலிசிப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். வைப்புநிதியை முதிர்வுக்கு முன் முறிப்பதைவிட அதன்மேல் கடன் பெறுவது பல வேளைகளில் இலாபம். தாலிக்கொடியைத் தனியார் அடகுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது உச்சவரம்பு. பதிவுச் சான்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையிலும் கருத்தரிப்பு மையம் இருக்கிறது. ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்ரயிலில் சென்று விசாரித்து வரலாம்.

மருமகள் பதில் பேசாமல் உள்ளே போவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு ஆண்டுகளாகக் கல்யாண வீட்டிலும் வளைகாப்பிலும் கோயில் பிராகாரத்திலும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். சிகிச்சை தொடங்கும் நாளை உறவினருக்கெல்லாம் தெரிவித்துவிட்டால், முடிவு வரும் நாளில் அத்தனை தொலைபேசிகளும் ஒலிக்கும். நல்ல முடிவு இல்லையென்றால் அத்தனை பேருக்கும் அவளே பதில் சொல்ல வேண்டிவரும். யாரிடம் சொல்வது என்பதை அவளும் மகனும் தீர்மானிக்கட்டும். யாரேனும் கேட்டால், "எல்லாம் அம்மன் பார்த்துக்கொள்வாள்" என்று மாமியார் முந்திக்கொண்டு பதில் சொல்லி, பேச்சை மாற்றிவிடலாம்.

அம்மையார் கேட்ட விரதத்துக்கு வருகிறேன். வரும் பௌர்ணமியன்று தங்களுக்கு உடம்பு இடங்கொடுத்தால் தாங்களே மருமகளின் பெயருக்குச் சங்கல்பம் செய்துகொண்டு, மேலூருக்கும் திருவொற்றியூருக்கும் சென்று வாருங்கள். அம்பத்தூரிலிருந்து திருமுல்லைவாயில் கூப்பிடு தூரம். மாலையில் மகனும் மருமகளும் நேரே கொடியிடையம்மன் சந்நிதிக்கு வந்து தங்களோடு சேர்ந்துகொள்ளட்டும். அன்று காலை மாத்திரையும் மதியச் சாப்பாடும் முடித்துவிட்டு அவள் வரட்டும்.