பழைய மோட்டார் சைக்கிளின் ஓசை: எஞ்சினைப் பிரிப்பது எப்போது?

எஞ்சின் எழுப்பும் ஓசையைக் கொண்டே அதன் நலத்தை அறிந்துவிடலாம் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஓசை சிறிது மிகுந்தவுடன் எஞ்சினைப் பிரிக்கச் சொல்வோர் ஒரு சாரார். பழைய வண்டி அப்படித்தான் ஒலிக்கும் என்று வாளாவிருப்போர் மற்றொரு சாரார். முன்னவர் வீண் செலவு செய்கின்றனர். பின்னவர் ஒருநாள் நடுவழியில் நிற்கின்றனர். இரு சாராரும் கவனிப்பது ஓசையின் உரப்பை மட்டுமே. பழுதுபார்க்கும் வேளையை நமக்கு உணர்த்தவேண்டியவை ஓசையில் நேரும் மாற்றமும், அம்மாற்றத்தை உறுதிசெய்யும் அளவைகளும் ஆகும். இதனை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெங்களூரின் ஈஜிபுராப் பகுதியில் வாழ்வோர்க்கு இது அன்றாட வினா. ஈஜிபுராவிலிருந்து கேந்திரிய சதன் சந்திப்பு வரை சுமார் 2.5 கிலோமீட்டர் நீளத்திற்கு மேம்பாலம் அமைக்கும் பணி 2017-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இடையில் நின்று, 2023-இல் மீண்டும் தொடரப்பெற்றது. அவ்வாண்டுகளில் அச்சாலையில் வண்டிகள் ஊர்ந்தே சென்றன. காற்றினால் குளிரும் எஞ்சினுக்கு ஓட்டமே விசிறி. ஊர்ந்து செல்லுங்கால் எஞ்சின் சூடேறுகிறது, எண்ணெய் இளகுகிறது, தேய்ந்த உறுப்புகளின் இடைவெளிகள் பேசத் தொடங்குகின்றன. அதே வண்டி ஓசூர் நெடுஞ்சாலையில் தடையின்றி ஓடும்போது அமைதியாக ஒலிக்கக்கூடும். ஆகவே நெரிசலில் கேட்ட ஓசையை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது.

வண்டியின் அமைப்பை அறியாமலும் தீர்ப்புக் கூறலாகாது. 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது முதல் நம் நாட்டில் புழங்கிவரும் பழைய 350 புல்லட்டில், வார்ப்பிரும்பு உருளையும், திருகித் திருத்தக்கூடிய வால்வு இடைவெளியும் இருந்தன. அதில் மெல்லிய 'டிக் டிக்' ஓசை கேட்டால், ஒரு திருகுசாவியும் அரைமணி நேரமும் போதும். 2008-க்குப் பின் படிப்படியாக வந்த புதிய அமைப்பிலோ எண்ணெய் அழுத்தமே அவ்விடைவெளியைச் சரிசெய்துகொள்கிறது. அங்கே அதே ஓசை நீடித்தால், எண்ணெயின் அளவையும் அழுத்தத்தையும் ஐயுறவேண்டும். மைசூரில் 1996 வரை செய்யப்பெற்ற ஜாவா, யெஸ்டி வண்டிகள் இரண்டு ஸ்ட்ரோக் வகையின. அவற்றில் இத்தகைய வால்வுகளே இல்லை. ஒரே ஓசைக்கு மூன்று வண்டிகளில் மூன்று பொருள் உண்டு என்பது இதனால் விளங்கும்.

ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டத்தக்க ஒரு கணக்கு இங்கே உண்டு. மார்கழிக் காலையில் எஞ்சின் கிளம்பியவுடன் 'டப டப' என்று ஒலித்துச் சில நிமிடங்களில் அடங்கிவிடுவதைப் பலர் கேட்டிருப்பர். பிஸ்டன் அலுமினியத்தாலும், உருளை வார்ப்பிரும்பாலும் ஆனவை. ஒரு டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திற்கு அலுமினியம் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் சுமார் 23 பங்கும், வார்ப்பிரும்பு சுமார் 11 பங்கும் விரிகின்றன. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனும் உருளையும் 100 டிகிரி சூடேறினால், பிஸ்டன் 0.16 மில்லிமீட்டரும், உருளை 0.08 மில்லிமீட்டரும் விரியும். அந்த அளவிற்கு இடைவெளி குறைய, ஓசையும் குறைகிறது. சூடேறியபின் அடங்கும் இவ்வோசைக்காக எஞ்சினைப் பிரித்தல் அவசரமே. சூடேறியபின்னும் அடங்காது நிற்கத் தொடங்கின், தேய்மானம் வளர்ந்துவிட்டதென்று கொள்ளலாம்.

பட்டறைக்குச் செல்வோர் பெரும்பாலும் "சத்தம் வருகிறது" என்னும் இரு சொற்களோடு நின்றுவிடுகின்றனர். தமிழில் இரட்டைக்கிளவிகளுக்குப் பஞ்சமில்லை; அவற்றைப் பயன்படுத்துவோமாக. மேடேறும்போது தகரப் பெட்டியில் மணிகளைக் குலுக்கியதுபோன்ற 'கிலுகிலு' ஓசை எழுமாயின், எரிதல் முறை தவறியுள்ளது. தீப்பொறி வேளையையும் கரிப் படிவையும் பார்க்கவேண்டும். பக்கவாட்டிலிருந்து வரும் 'கடகட' ஓசை தளர்ந்த சங்கிலியினுடையதாகலாம். புகைக்குழாயின் இணைப்பு கசிந்தாலும் வால்வு ஓசை போலவே ஒலிக்கும். நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினில் ஆங்காங்கே ஊன்றிப் பிடியைக் காதருகே வைத்துக் கேட்டால், ஓசை பிறக்குமிடம் ஓரளவு புலனாகும். எவ்விடத்தில், எவ்வேகத்தில், குளிரிலா சூட்டிலா, சுமை ஏறும்போதா இறங்கும்போதா என்னும் நான்கையும் குறித்துச் சென்றால் பாதி வேலை முடிந்தது.

எனினும் ஒன்றைக் காத்திருக்க விடலாகாது. எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து, விசைப்பிடியைத் திருகும்போது எழும் கனத்த 'டொக் டொக்' ஓசை, இணைப்புத் தண்டின் பெரிய முனைத் தாங்கி தேய்ந்ததைக் காட்டக்கூடும். அதனோடு வடித்த எண்ணெயில் பளபளக்கும் உலோகத் துகள்களும் காணப்படின், வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு எடுத்துச் செல்வதே அறிவுடைமை. ஓடும்போது எஞ்சின் இறுகினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இரவில் தனியே சிற்றூர்ச் சாலைகளில் செல்லும் களப்பணியாளர்க்கு இஃது உயிர்ப் பிரச்சினை.

மற்ற ஓசைகளுக்கு அளவையே வழிகாட்டி. பெட்ரோல் நிரப்பும்தோறும் ஓடிய தூரத்தையும், மாதந்தோறும் குறைந்த எண்ணெயின் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருக. நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். பட்டறையில் அமுக்க அளவி கொண்டு உருளையின் அமுக்கத்தை அளக்கச் சொல்லலாம். அளவு குறைந்திருப்பின், தீப்பொறித் துளை வழியாகச் சிறிதளவு எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவேண்டும். அமுக்கம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்களும் உருளையும் தேய்ந்துள்ளன; உயராவிடின் பழுது பெரும்பாலும் வால்வுகளில் உள்ளது. எஞ்சினைப் பிரிக்காமலேயே இவ்வளவும் அறியலாம்.

பின்னர்ச் செலவைக் கணக்கிடுக. எஞ்சினைப் புதுப்பிக்க 12,000 ரூபாய் ஆகுமென்றும், அதன்பின் 30,000 கிலோமீட்டர் ஓடுமென்றும் கொள்வோம். கிலோமீட்டருக்கு 40 காசு ஆகிறது. லிட்டருக்கு 35 கிலோமீட்டர் ஓடிய வண்டி தேய்மானத்தால் 28 மட்டுமே ஓடுமாயின், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில், கிலோமீட்டருக்குச் சுமார் 71 காசு இழப்பு. இந்நிலையில் பழுதுபார்ப்பதே சிக்கனம். ஓசை மிகுந்தும் ஓட்டமும் எண்ணெயும் அமுக்கமும் மாறாதிருப்பின், பொறுத்திருப்பதே சிக்கனம்.

கைதேர்ந்த மெக்கானிக்கின் காதை விடவா குறிப்பேடு சிறந்தது என்று சிலர் வினவக்கூடும். அக்காது மதிக்கத்தக்கதே. ஆயினும் அவர் வண்டியை ஒருநாள் கேட்கிறார். நாமோ நாள்தோறும் கேட்கிறோம். நேற்றைய ஓசையோடு இன்றைய ஓசையை ஒப்பிடக்கூடியவர் ஓட்டுநர் ஒருவரே. ஐயத்திற்காகப் பிரித்துப் பார்ப்பதும் தீங்கற்றதன்று. உருளையோடு பழகிப் பொருந்திய வளையங்கள் இடம் மாறும்; அலுமினியத் திருகுப் புரிகள் நையும்; கசிவில்லாத இடத்தில் கசிவு தோன்றும்.

வயதாகிவிட்டதென்று வண்டியைக் கழிப்பதும் முறையன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் 15 ஆண்டு நிறைந்த தனியார் வண்டியைச் சோதித்து, தகுதியிருப்பின் ஐந்தாண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்க இடமளிக்கிறது. சட்டம் வண்டியின் நிலையைப் பார்க்கிறது. நாமும் அவ்வாறே பார்ப்பது தகும்.

களப்பணியாளர்கள் மழையையும் விளைச்சலையும் அளந்து எழுதப் பழகியவர்கள். ஆசிரியர்கள் அளந்தறிதலைக் கற்பிப்பவர்கள். அப்பழக்கத்தைத் தம்மைச் சுமந்து செல்லும் எஞ்சினுக்கும் உரியதாக்கினால், ஒரு சிறு குறிப்பேட்டின் விலையில் ஒரு மாதச் சம்பளத்தையும், சில வேளை ஓர் உயிரையும் காத்துக்கொள்ளலாம்.