மையல் என்னுஞ் சொல்

"மையல்" என்றதும் இன்றைய மாணவர் காதல் மயக்கத்தையே கருதுவர். திரைப்பாட்டுக் கேட்டுப் பழகிய செவி. அவர்மேற் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் திருக்குறளிற் பேதைமை அதிகாரத்து 838ஆம் குறளை அப்பொருள் கொண்டு படித்தாற் கருத்துச் சிதைந்துபோம். ஆண்டு மையலுற்றவன் காதலன் அல்லன், பித்துற்றவன். பரிமேலழகர் உரையும் அதுவே.

இச்சொல்லின் பிறப்பைத் தேடித் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. மயல், மயக்கம், மயங்குதல் என்பன இதற்கு இனமான சொற்கள். மயங்குதலாவது கலத்தல். நன்னூல் கற்றவன் மெய்ம்மயக்கம் அறிவான். மெய்யெழுத்துக்கள் ஒன்றோடொன்று கூடி நிற்றலன்றி அங்கே பிழை யாதுமில்லை. திணைமயக்கமும் அத்தகையதே. எனவே, தனித்தனி நிற்கவேண்டிய நினைவுகள் கலந்து நிற்கும் உள்ளநிலையே மையல் எனக் கொள்வேம். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே மதங்கொண்ட வேழத்துக்கும் இச்சொல்லையே அடையாக்கினார்.

பித்து வேறு வழி வந்தது. வடமொழிப் பித்தம், வளியோடும் ஐயோடும் எண்ணப்படும் மூன்றில் ஒன்று. அது மிகின் அறிவு கலங்கும் என்பது பண்டை மருத்துவர் கொள்கை. பைத்தியமும் அவ்வழியது. கிரேக்க மருத்துவரும் மனத்தளர்ச்சிக்குக் கரும்பித்தத்தையே காரணங் காட்டினர். வடசொல்லென்று இவற்றை விலக்குவாரோடு நமக்கு உடன்பாடில்லை. தம்பிரான் தோழர் இறைவனைப் "பித்தா" என்றழைத்தன்றோ பாடத் தொடங்கினார்!

நமது முறைப்பாடு வேறு. மையல் என்பதற்குப் "பைத்தியம்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு மேற்செல்லும் ஆசிரியர் உளர். உடனே வகுப்புச் சிரிக்கின்றது. யாரைப் பார்த்துச் சிரிப்பு? குறளிற் பழிக்கப்பட்டவன் கையிற் பொருள் பெற்ற பேதை. மையலுற்றவன் உவமையாக வந்தவன் மாத்திரமே. முன்னமே கலங்கியவன் கள்ளும் உண்டாற் கலக்கத்தின்மேற் கலக்கம். அவ்வாறே பேதைமையின்மேற் செல்வக் களிப்பு. இந்த இரட்டை மயக்கமே குறளின் உயிர். வசைச்சொல்லாகிவிட்ட "பைத்தியக்காரன்" அதனைக் காட்டமாட்டான்.

நம்மூர் வழக்கில் "விசர்" என்பதும் நோயின் பெயரே. இன்றோ, விளையாட்டுத் திடலிற் பந்தைத் தவறவிட்டவனும் "விசரன்" ஆகின்றான். மனநோயுற்ற தமையனை வீட்டில் வைத்துப் பேணுங் குடும்பத்துப் பிள்ளையும் அதே திடலில் நின்று அதனைக் கேட்கின்றான், கேட்டு வாய்திறவாதிருக்கின்றான். ஆதலின், மையல் என்பதற்கு "அறிவு கலங்கிய நிலை" என்றே பொருள் எழுதுவிக்க. விடைத்தாளில் அவ்வாறு எழுதிய மாணவனுக்கு முழுப்புள்ளியும் வழங்குக.