எயிற்பட்டினத்துத் தேறலும் எக்கியார்குப்பத்து நஞ்சும்

சிறுபாணாற்றுப்படை பாடிய எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர். அன்று நுளைமகள் வடித்த தேறலைப் பரதவர் பாணர்க்கு ஊட்டினர், அது விருந்து! 2023 மே திங்களில், அதே கரையின் எக்கியார்குப்பத்தில், ஏழை பருகியதோ மெத்தனால்! தொழிற்சாலைக்குரிய நஞ்சு, சாராயமென விலைபோயிற்று. உடலுள் ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணைப் பறித்தது, உயிரைக் குடித்தது.

“தலைவிதி” என்கிறான் வைதிகன். “குடித்தான், செத்தான்” என்கிறான் கோமான். இரண்டையும் மறுக்கிறோம் நாம்! 2003 முதல் மதுக்கடை அரசின் கையில். அங்கே புட்டி வாங்க வகையற்றவனே கள்ளச்சாராயத்துக்கு இரையாகிறான். விதியா கொன்றது? வறுமையும், அதை விலைபேசிய வாணிபமுமன்றோ! 2024இல் கள்ளக்குறிச்சியிலும் அதே மெத்தனால். அறுபதுக்கு மேற்பட்ட பிணங்கள்!

தோழர்களே! இரங்கற்பா போதும். ஆலை நஞ்சு குப்பத்துக்கு வந்த வழி எது? அதைக் கேட்போம், விடை வரும்வரை கேட்போம்!