ராவணன் மீசைக்கு யார் தண்ணி ஊத்துறாங்க?

நம்ம காலேஜ்ல பாதிப் பேராவது தனுஷ்கோடி போயிருப்பீங்க. 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்த பிறகு பைக்கிலேயே போயிடலாம். இடிஞ்ச சர்ச் முன்னாடி ஒரு போட்டோ, முனையில ஒரு ரீல்ஸ், முடிஞ்சது. மணல்மேட்டுல ஊசி மாதிரி குத்துற ஒரு புல்லை மிதிச்சு கத்தினீங்களே, ஞாபகம் இருக்கா? அதோட பேர் ராவணன் மீசை. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு ‘ஸ்பினிஃபெக்ஸ்’னு கூகுள் சொல்லித்தான் முதல்ல தெரியும். தமிழ்ப் பேரை அப்பத்தா சொன்னாங்க.

எங்க வீடு ராமநாதபுரம் பக்கம். அக்கா கல்யாணத்துக்காக அப்பா வாசல்ல 400 சதுர அடிக்குப் புல்தரை போட்டார். காலையும் சாயங்காலமும் போர் தண்ணி. ரெண்டு வருஷத்துல புல்லோட நுனி கருகிடுச்சு, தண்ணியும் உப்புக் கரிக்க ஆரம்பிச்சது. தண்ணி பத்தலைன்னு நினைச்சு அப்பா இன்னும் அதிகமா ஊத்தினார்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 400 சதுர அடின்னா 37 சதுர மீட்டர். வெயில்ல ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணி விட்டா 185 லிட்டர். நகரக் குடிநீர்த் திட்டங்கள்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வைக்கிற அளவே 135 லிட்டர்தான். அதாவது, வாசல்ல ஒரு ஆளுக்கும் மேல உட்கார்ந்து குடிக்குது.

கடலோரத்துல இன்னொரு சிக்கல் இருக்கு. நிலத்தடியில நல்ல தண்ணி, கனமான உப்புத் தண்ணி மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 அடி நின்னா, கீழே சுமார் 40 அடி வரைக்கும் நல்ல தண்ணிதான். அந்த 1 அடியை மோட்டார் வெச்சு உறிஞ்சிட்டா, கீழேயிருந்து உப்பு மேல ஏறும். தனுஷ்கோடியில மீனவக் குடும்பங்கள் மணல்ல ஊற்று தோண்டி, கொஞ்சம் கொஞ்சமா மொண்டு குடத்தை நிரப்புறது அந்த மிதக்கிற தண்ணியைத்தான். அளவா எடுக்கிறதாலதான் அது உப்பாகாம இருக்கு.

அப்போ புல்தரையே கூடாதா? அப்படிச் சொல்லல. அக்கா பையன் தவழ்ந்ததே அதுலதான். ஆனா நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி வளர்ப்போம். நர்சரியில ‘பெர்முடா’ன்னு விக்கிறது நம்ம பிள்ளையாருக்குச் சாத்துற அருகம்புல் இனம்தான். உப்பையும் வறட்சியையும் ஓரளவு தாங்கும். தினமும் தெளிச்சா வேர் மேலேயே நின்னுடும், உப்பும் மேல் மண்ணுலயே தங்கும். வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை, விடியற்காலையில, மண்ணுக்குள்ள இறங்குற மாதிரி விடுங்க. வெட்டும்போது உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டாதீங்க. கோடையில அருகு பழுத்தா பதறாதீங்க, செத்துடல, தூங்குது. ஐப்பசி மழைக்கு எழுந்துடும். எந்நேரமும் பச்சையா இருந்தாதான் ஆரோக்கியம்னு நாம நம்புறது, மழை அதிகமான ஊர்களோட போட்டோவைப் பார்த்து வந்த பழக்கம்.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல தனுஷ்கோடியில ரயில், ஸ்டேஷன், ஊர் எல்லாம் போச்சு. இன்னைக்கு அந்த மணலைப் பிடிச்சு வெச்சிருக்கிறது ராவணன் மீசையும், சங்கப் பாட்டுலயே வர்ற அடும்புக் கொடியும்தான். அதுக்கெல்லாம் யாரும் தண்ணி ஊத்தல. நாம செய்ய வேண்டியது ஒண்ணுதான்: அடுத்த தடவை போறப்ப பைக்கை மணல்மேட்டுல ஏத்தாதீங்க, ரோட்டோரமே நிறுத்துங்க.

அப்பா இன்னும் முழுசா ஒத்துக்கல. ஆனா போன லீவுல சாயங்காலத் தண்ணியை மட்டும் நிறுத்திட்டார்.