பேசி முடிப்பது நீதியல்ல, தூக்கும் நீதியல்ல

கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி கெம்பஸ் போய்ச் சேர்வதற்குள் போனில் ஒரு செய்தி வந்துவிடுகிறது. 16 வயதுப் பையன், பாலியல் குற்றம். கீழே எல்லாரும் ஒரே குரலில், "தூக்குல போடுங்க!" பையன் சொந்தக்காரனாக இருந்தால் மட்டும் அதே வாய் வேறு பேசும்: "வெளிய தெரிஞ்சா புள்ளையோட வாழ்க்கை போயிரும். பேசி முடிச்சிருவோம்."

இரண்டும் ஒன்றுதான் என்கிறோம் நாங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் "உனக்கு என்ன வேணும்?" என்று இரண்டு பேருமே கேட்பதில்லை.

2015 செப்டம்பரில் கொட்டதெனியாவையில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது நாடே தூக்குக் கயிறு கேட்டது. அந்த அவசரத்தில் 17 வயது மாணவன் ஒருவன் கைதானான். மரபணுப் பரிசோதனை பொருந்தாததால் விடுவித்தார்கள். பொலிஸார் தன்னைச் சித்திரவதை செய்ததாக அவன் சொன்னான். கோபத்தையே நீதி என்று நம்பினால் இதுதான் நடக்கும்.

வேறு வழி இருக்கா? இருக்கு. அதற்குப் பெயர் மறுசீரமைப்பு நீதி. தென் அவுஸ்திரேலியாவில், குற்றத்தை ஒத்துக்கொள்ளும் இளவயதினரை நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு சந்திப்புக்கு அனுப்பலாம். குடும்பம், பொலிஸ், பாதிக்கப்பட்டவரின் தரப்பு எல்லாரும் இருக்க, செய்ததை அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். 1995 முதல் 2001 வரை அங்கே முடிவுற்ற 385 பாலியல் குற்ற வழக்குகளை கத்லீன் டேலி என்ற ஆய்வாளர் பார்த்தார். நீதிமன்றம் போனவற்றில் கிட்டத்தட்ட பாதி நிரூபிக்கப்படாமலே முடிந்திருந்தன. ஒத்துக்கொண்டவர்களே சந்திப்புக்குப் போவதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனால் அந்தப் பாதி வழக்குகளில் "ஆமா, இது நடந்தது" என்று யாரும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லவில்லையே!

"இதுவும் பேசி முடிக்கிறதுதானே?" என்பீர்கள். இல்லை. பேசி முடிப்பதில் பிள்ளை வாயை மூட வேண்டும், இங்கே பையன் வாயைத் திறக்க வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த நம்ம மத்தியஸ்த சபைகள் கடனுக்கும் சின்னச் சண்டைகளுக்கும் சரி. இதை அங்கே தள்ளிவிடச் சொல்லவில்லை. பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். பையனுக்கு நீண்டகால ஆலோசனை வேண்டும். "எனக்கு வழக்குத்தான் வேணும்" என்று அவள் சொன்னால் வழக்குத்தான்.

குற்றப் பொறுப்புக்கான குறைந்தபட்ச வயதை 2018இல் 8இலிருந்து 12 ஆக்கினோம். நல்லது. அதற்கு மேற்பட்ட பையனை என்ன செய்வது என்று இனியாவது பேசுவோம். பேச்சை அவளிடமிருந்து தொடங்குவோம்.