குவாட்டருக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

"நம்ம பையன் கஞ்சா கிஞ்சான்னு போகலைங்க, குடி மட்டும்தான்." பெரிய காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் முதல் ராஜாஜி மார்க்கெட் வரை பெற்றவர்கள் ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளும் பேச்சு இது. கஞ்சா என்றால் வீடே நடுங்குகிறது. குவாட்டர் என்றால் ஒரு பெருமூச்சோடு சரி. உதட்டுக்குள் ஒதுக்கும் ஹான்ஸ் புகையிலை போதைக் கணக்கிலேயே சேருவதில்லை. இந்த வரிசை தவறு. அறியாமல் செய்கிற தவறுதான், ஆனாலும் உயிரை வாங்குகிறது.

"அவ்வளவு கெடுதல்னா அரசாங்கமே விற்குமா?" என்பார்கள் முதலில். இந்த மாநிலத்தில் 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. 1971-ல் விலக்கைத் தளர்த்தினார்கள், 1974-ல் மறுபடி பூட்டினார்கள், 2003-ல் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. இத்தனை மாற்றத்திலும் பாட்டிலுக்குள் இருக்கும் எத்தனால் மாறவில்லை, அதைச் சுமக்கும் ஈரலும் மாறவில்லை. கஞ்சா விஷயத்திலும் இதே கதைதான். 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் அந்தச் செடியின் பூவைத் தடுக்கிறது, இலையை விட்டுவிடுகிறது. அதனால்தான் வடக்கே சில மாநிலங்களில் பாங் கடைக்கு உரிமமே உண்டு. எதை வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும் என்பதற்குச் சட்டத்தைப் பார்க்கலாம். எது உடம்பை அதிகம் கெடுக்கும் என்பதற்கு வேறு இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் டேவிட் நட். போதைப்பொருள் பற்றி அந்நாட்டு அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவின் தலைவராக இருந்தவர். மதுவும் புகையிலையும் பல தடை செய்த போதைகளைவிட மோசம் என்று சொன்னதற்காக 2009-ல் பதவி இழந்தார். அடுத்த ஆண்டு அவரும் சக நிபுணர்களும் 20 போதைகளை 16 அளவுகோல்களில் எடைபோட்டு லான்செட் இதழில் வெளியிட்டார்கள். எடுத்துக்கொள்பவருக்கு வரும் கேட்டோடு நிறுத்தாமல், சுற்றியிருப்பவர்களுக்கு வரும் கேட்டையும் சேர்த்தார்கள். நூற்றுக்கு மது 72, ஹெராயின் 55, புகையிலை 26, கஞ்சா 20.

இது பிரிட்டன் கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தாது என்றால் ஒப்புக்கொள்கிறேன். தனி ஒருவரை எடுத்துக்கொண்டால் மதுவைவிட ஹெராயின் கொடியது என்பதும் உண்மை. மது முதலிடம் பிடித்ததற்குக் காரணம் அது எட்டிப் பிடிக்கும் குடும்பங்களின் எண்ணிக்கை. நம் நாட்டிலும் எண்ணிக்கை அப்படித்தான் இருக்கிறது. 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி மது அருந்துவோர் ஏறக்குறைய 16 கோடி, கஞ்சா, பாங் வகைகள் எடுப்போர் ஏறக்குறைய 3 கோடி.

சுற்றியிருப்பவர்களுக்கு வரும் கேடு என்னவென்று அறிய நம் ஊர்த் தறிக்குழியே போதும். ராத்திரி குடித்த கை காலையில் நடுங்கும். பாவில் ஒரு இழை அறுந்தால் அதைத் தேடி எடுத்து, விரல் நுனியில் முறுக்கி முடிய வேண்டும். நடுங்கும் கைக்கு அந்தப் பட்டிழை அகப்படாது. கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா எறிந்து கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். பல வீடுகளில் அது மனைவி, இல்லையென்றால் பிள்ளை. நெய்பவர் எழுந்திருக்காத நாளில் அவர்கள் கையும் சும்மாதான் இருக்கும். சேலை அறுத்துக் கொடுத்தால்தானே கூலி? தறி நின்றாலும் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் நிற்பதில்லை.

"கள்ளச்சாராயம்தான் கொல்லும், கடைச் சரக்கு ஒன்றும் செய்யாது" என்பது அடுத்த வாதம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். அது சில நாளில் கொல்வதால் செய்தியாகிறது. கடைச் சரக்கு பத்து இருபது வருஷம் எடுத்துக்கொண்டு ஈரல் சுருக்கமாக, புற்றுநோயாக முடிக்கிறது. அந்தச் சாவுக்கு யாரும் நிவாரணம் அறிவிப்பதில்லை.

ஹான்ஸைச் சில்லறைப் பழக்கம் என்பவர்களுக்கு: ஊருக்கு வெளியே காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஒதுக்கிய இடத்தில்தான் வெள்ளைத் திட்டு முதலில் வரும், பிறகு ஆறாத புண். மெல்லும் புகையிலை வாய்ப்புற்றை உண்டாக்கும் என்பதில் மருத்துவ உலகில் சந்தேகமே கிடையாது. கூடவே குடியும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. இந்தியாவில் புகையிலையால் ஆண்டுக்கு 13 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ கஞ்சா வெறும் மூலிகைதானே" என்று எந்தத் தம்பியும் கிளம்ப வேண்டாம். இருபது மதிப்பெண் என்பது பூஜ்யம் இல்லை. பதின்ம வயதில் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது, படிப்பும் கெடுகிறது. பெற்றவர்கள் கஞ்சாவைவிட அதிகம் பயப்பட வேண்டியது வலி மாத்திரைக்கு. டேபென்டடால் போன்றவற்றைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். "மெடிக்கல்ல கிடைக்கிறதுதானே" என்று அதையும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அபின் குடும்பத்து வேலையைச் செய்யும் மருந்து. அளவு மீறினால் மூச்சு நின்றுபோகும், குடியோடு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். ஊசியை மாற்றிக்கொண்டால் எச்ஐவியும் மஞ்சள் காமாலைக் கிருமியும் கூடவே வரும்.

கடைசியாக, "நினைச்சா நாளைக்கே விட்டுடுவான்" என்ற பேச்சு. கஞ்சாவை விட்டால் சில நாள் தூக்கம் வராது, எரிச்சல் வரும். ஹெராயினை விடுவது கொடுமையான வேதனை, ஆனால் அந்த வேதனையே உயிரைக் குடிப்பது அபூர்வம். வருஷக்கணக்காக அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினாலோ இரண்டொரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் தெரியாமல் பிதற்றல், காய்ச்சல், சில சமயம் மரணம். அறையில் பூட்டி வைத்துக் குடியை மறக்கடிக்கப் பார்க்கும் வீடுகளும் மாலை போட்டால் சரியாகிவிடும் என்று நம்பும் வீடுகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுத்தும் முன்பே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நடுக்கத்தை அடக்கும் மருந்தும் தயமின் ஊசியும் அங்கே தருவார்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான 14446, மனநல உதவிக்கான 14416 இரண்டும் கட்டணமில்லா எண்கள்.